புள்ளிவிவரப் புலவர்

தியாகராய நகர் நடேசன் பூங்காவில் காலை வேளையில் உலாவுகிறவர்கள் புள்ளிவிவரப் புலவரை அறியாதிருக்க நியாயமில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, தேசத்தின் பொருளாதாரத்தை மேற்பார்வையிடும் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்ட அந்த மகானுபாவர், இரண்டு தினசரிகளைக் கக்கத்தில் இடுக்கியபடி சிமெண்டுப் பெஞ்சியில் ஆரோகணித்து, முந்தின இரவு தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டதையும் சேர்த்துப் பிசைந்து, நடக்க வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிடுவார்.

முன்பெல்லாம் அவருக்குச் சற்று ஓய்விருந்தது; மொத்த உற்பத்தியின் வளர்ச்சிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 2025 மே 15-ஆம் தேதி முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வேலையின்மை விகிதத்தை மாதந்தோறும் வெளியிட ஆரம்பித்ததும், பிரதோஷம், ஏகாதசியோடு அவருக்கு இன்னொரு புண்ணிய காலமும் வாய்த்தது.

ஏப்ரலில் 5.1 சதவீதமாயிருந்த விகிதம் மே மாதத்தில் 5.6 ஆயிற்று. "பார்த்தீரா ஓய், ஜனங்கள் உற்சாகமாக வேலை தேடக் கிளம்பிவிட்டார்கள், சுபிக்ஷத்தின் அறிகுறி!" என்றார். ஜூலையில் 5.2-க்கு இறங்கியது. "சுபிக்ஷமே வந்துவிட்டது!" என்றார். ஏறினாலும் க்ஷேமம், இறங்கினாலும் க்ஷேமம். ஜோசியரிடமாவது ஏழரைச் சனி என்று ஒன்று உண்டு. மே மாதத்தில் வேலைச் சந்தைக்கு வந்தவர்களின் விகிதமே குறைந்துவிட்டதென்றும், பயிர்த்தொழிலின் பருவமும் கடும் வெயிலும் அதற்குக் காரணமென்றும் அரசாங்க அறிக்கையே சொல்லியிருந்தது. ஆனால் தலைப்பைத் தாண்டி வாசிப்பதை அவரும், அவருக்குக் குருபீடமாக விளங்கும் தொலைக்காட்சி வித்வான்களும் கௌரவக் குறைவாகவே கருதுகிறார்கள்.

தாண்டியிருந்தால் ஒரு விசேஷம் தெரிந்திருக்கும். கடந்த ஏழு நாளில், ஏதேனும் ஒரு நாளில், ஒரு மணி நேரம் வேலை செய்தவனும் இந்தக் கணக்கில் வேலையுள்ளவனே. வேலை தேடுவதையும் விட்டு, கிடைத்தாலும் வேண்டாமென்று வெறுத்து ஒதுங்கிவிட்டவனோ வேலையற்றோர் ஜாபிதாவிலிருந்தே நீங்கிவிடுகிறான்.

புலவருடைய சீமந்த புத்திரன் இஞ்சினீயரிங் பாஸ் செய்தவன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் சிநேகிதனுடைய ஜவுளிக் கடையில் இரண்டு மணி நேரம் பில் போட்டு முந்நூறு ரூபாய் கொண்டுவந்தான். ஆகவே சாஸ்திரப்படி அவன் உத்தியோகஸ்தன். தேசத்தில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் வேலையற்றவர்கள் என்று பூங்காவில் நிரூபித்துவிட்டு வீடு திரும்பும் புலவர், வாசற்படியில் அவனைக் கண்டதும், இன்றைக்கும் "தண்டச்சோறு" என்றுதான் கூப்பிடுகிறார்.