விற்காத வண்டியின் வக்கீல்

விற்காத வண்டியின் வக்கீல் தென்சென்னையில் பரவலாகக் காணப்படுகிறார். காலையில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மூன்றாவது சுற்று முடிந்ததும் அவரைப் பார்க்கலாம். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் பொட்டலத்தோடு இருப்பார். வயது 45க்கு மேல். சொந்த வண்டி வேகன் ஆர். நிறம் வெள்ளை, ரீசேலுக்காக. அதைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஊரே வாங்கும் வண்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அவருடைய வாதம் எளிது. ஒரு வண்டி விற்கவில்லை என்றால் குற்றம் வண்டியுடையது அல்ல, ஜனங்களுடையது.

அவருடைய குலதெய்வம் ஸ்டாண்டர்ட் 2000. உள்ளூர்ச் சரக்கு என்பதால் பாசம் கூடுதல். 1961 முதல் ஹெரால்டு, பிறகு கெஸல் என்று கார் செய்துவந்த சென்னைக் கம்பெனி, 1985இல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பைக் கொண்டுவந்து, அதில் பழைய வான்கார்டு வம்சத்து 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியது. சீமையில் அதே உடம்புக்கு எட்டு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. இங்கே வந்தது பயில்வான் உடம்பும் பென்ஷன்தாரர் மூச்சும். விலை அதிகம், பெட்ரோலும் அதிகம். சில வருஷத்தில் உற்பத்தி நின்றது. இதையெல்லாம் வக்கீலிடம் சொன்னால் கையை உயர்த்துவார்: "எஞ்சினை விடுங்க சார். டிக்கியைப் பாத்திருக்கீங்களா? கண்ணாடியோட சேர்ந்து மேல தூக்கும். எண்பத்தஞ்சுலயே!" கம்பெனி முடங்கிய பின் மிஞ்சிய உதிரிபாகங்களை ஆங்கிலேய வியாபாரி வாங்கிக்கொண்டு போன செய்தியை அவர் ஏற்றுமதிக் கணக்கில் சேர்ப்பதுண்டு.

1991இல் வந்த டாடா சியராவுக்கும் அவர் ஆஜராவார். அதில் பின்சீட்டுக்குத் தனிக் கதவு இல்லை. பக்கக் கண்ணாடி பெரிதாகக் கூரைவரை வளைந்திருக்கும், ஆனால் திறக்காது. சித்திரை வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் வடாம் காயும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். "வெளிச்சம் சார்" என்பது வக்கீலின் பதில். பெங்களூரில் செய்த ஃபைபர் உடம்பு சிபானி டால்பின் அவருக்கே கொஞ்சம் கடினமான கேஸ். துரு பிடிக்காது என்ற ஒரே வாதத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

காடுமேடு ஏறும் வண்டிகள் அவருடைய இன்னொரு இலாகா. ராணுவம் ஓட்டிய ஜிப்ஸியில் தொடங்கி தாருக்கு வருவார். தாரின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மில்லிமீட்டர், தண்ணீரில் இறங்கும் ஆழம் 650 மில்லிமீட்டர் என்பதை, மகனின் பிளஸ் டூ மார்க்கைவிடச் சரியாகச் சொல்வார். "ஃபோர் லோ போட்டா எந்த மலையும் ஏறும்." அடையாறில் உள்ள ஆகப்பெரிய மலை அடுக்குமாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவு. மெட்ரோவுக்காக லஸ்ஸையும் பனகல் பார்க்கையும் தோண்டிய பிறகுதான் அவர் கட்சிக்குக் கொஞ்சம் சாட்சியம் கிடைத்தது. மற்றபடி 2015 டிசம்பர் வெள்ளம்தான் அவருடைய முக்கிய ஆவணம்; ஒவ்வொரு ஐப்பசியிலும் தாக்கல் செய்வார். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக ஏறி நின்ற கார்களில் ஒரு வெள்ளை வேகன் ஆரும் இருந்தது. அது எவ்வளவு ஆழத்தில் இறங்கும் என்று அவர் எங்கும் சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் ஷோரூமுக்கும் போவார், குடும்பத்தோடு. மூன்று கதவுத் தார் முன்னால் நிற்கும். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் காட்டுவான் விற்பனைப் பையன். அம்மாவுக்கு 78 வயது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, வலது காலைத் தூக்கிப் பார்த்து, மறுபடி தரையில் வைப்பார். பையன் ஓடிப்போய் பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வருவான். "ஏம்ப்பா, இந்த ஸ்டூலும் வண்டி விலையில சேர்த்தியா?" என்பார் அம்மா. மனைவி பேசமாட்டார், காப்பி எங்கே கிடைக்கும் என்று மட்டும் பையனிடம் கேட்பார். வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்படும்.

இந்தக் குறை தீர 2024 ஆகஸ்டில் ஐந்து கதவுகளோடு தார் ராக்ஸ் வந்தது. அக்டோபர் 3ஆம் தேதி முன்பதிவு திறந்த ஒரு மணி நேரத்தில் 1 லட்சத்து 76 ஆயிரம் பேருக்கு மேல் பதிந்தார்கள். வக்கீல் வக்காலத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். "தார் கெட்டுப்போச்சு சார். ஃபேமிலி வண்டி ஆயிடுச்சு."

இப்போது அவருடைய கட்சிக்காரர் ஃபோர்ஸ் கூர்க்கா. தெருவில் பார்ப்பது அபூர்வம், அதனால் தகுதி உண்டு. பானெட் பக்கத்திலிருந்து கூரைவரை ஏறும் காற்றுக்குழாய் கம்பெனியிலேயே மாட்டி வருகிறது. "வெள்ளம் கழுத்துவரைக்கும் வந்தாலும் வண்டி மூச்சு விடும் சார்." உள்ளே இருப்பவரின் மூச்சு அவர் இலாகாவில் சேராது.