முனையில் இருபது அடி

கேள்வி: கலிஃபோர்னியாவில் பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால் 20 அடிக்குக் கார் நிறுத்தக் கூடாதாமே! இடத்துக்குப் பஞ்சமான ஊரில் இது அநியாயம் இல்லையா?

பதில்: நிற்கிற கார் யாரையும் இடிக்காதுதான், இடிக்க வருகிற காரை மறைத்துவிடுமே! முனையில் ஒரு வேன் நின்றால், அதன் பானெட் உயரம்கூட இல்லாத பிள்ளை எட்டிப் பார்க்கவே ரோட்டுக்குள் இறங்க வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரே நொடியில் 11 மீட்டர் பாயும். பிரேக்குக்குக் கால் போவதற்குள்!

இட நெருக்கடியில் நியூ ஜெர்சியின் ஹோபோகன் யாருக்கும் சளைத்ததல்ல. அங்கே முனைகளைக் காலி செய்தார்கள், வேகத்தையும் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகச் சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காலியான இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைக்கலாம். அது பார்வையை மறைக்காது.