சண்டை போடாத ராணுவம்

கேள்வி: எந்தப் போரிலும் சேராத சுவிட்சர்லாந்துக்கு ராணுவம் எதற்கு?

பதில்: சேராமல் இருக்கத்தான்! ஒரு காலத்தில் அந்த மலைநாட்டில் விளைச்சல் குறைவு, வாய்கள் அதிகம். பிள்ளைகளைக் கூலிப்படைக்கு அனுப்பிப் பிழைத்தார்கள். பிரெஞ்சு மன்னருக்காகவும் சண்டை போட்டார்கள், அவருடைய எதிரிக்காகவும் போட்டார்கள். 1515இல் மரிஞானோ போரில் பிரான்சிடம் வாங்கிய அடியில் நாடு பிடிக்கும் ஆசை விட்டது. 1815இல் ஐரோப்பிய வல்லரசுகள் நடுநிலைக்கு முத்திரை குத்தின. 1859இல் கூலிப்படைக்குத் தடை. போப்பாண்டவரைக் காக்கும் சுவிஸ் காவல்படை மட்டும் மிச்சம்.

ஆண்களுக்கு இன்றும் கட்டாய ராணுவச் சேவை உண்டு. அதை ஒழிக்கலாமா என்று 2013இல் மக்களிடமே கேட்டார்கள். 73 சதவீதம் பேர் 'கூடாது' என்றார்கள். போர் வந்தால் பதுங்க, மக்கள்தொகைக்கும் மேலாகவே நிலவறைகளில் இடம் தயார். யாரோடும் பகை இல்லை. அதற்காக யாரையும் நம்பிவிடவும் இல்லை!