கச்சான் காற்றும் நனைந்த மச்சானும்: பெருநாள் பயணத்தின் வானிலையியல் குறித்த ஓர் ஆய்வு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் சுபஹுக்குப் பின், கிழக்கிலங்கைக் கரையோரத்தில் மருதமுனை முதல் நிந்தவூர் வரை ஒரே சத்தம். குர்பான் இறைச்சி இன்னும் பிரிட்ஜில்தான் இருக்கும். அதற்குள் மோட்டார் சைக்கிள்கள் நுவரெலியாவை நோக்கித் தெற்கே திரும்பிவிடும். போனவர்களில் நனையாமல் திரும்பியவரை இவ்வாய்வாளர் தேடிக்கொண்டிருக்கிறார். ஒலுவில் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கடந்தே இவர்கள் போகிறார்கள். ஆனாலும் இத்துறைக்கு அங்கே ஒரு பேராசிரியர் பதவி இன்னும் உருவாக்கப்படவில்லை. அக்குறையை நிரப்பவே இக்கட்டுரை.

கருதுகோள் எளியது: நம்மாட்கள் கல்முனை வானத்தைத் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. கரையோரத்தில் இரண்டே இரண்டு: மாரி, வெயில். ஒக்டோபர் பிறந்தால் வெள்ளம் முற்றம்வரை வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போகும். தை கழிந்தால், மழை அடுத்த ஒக்டோபர் விவகாரம்.

ஜூன், ஜூலையில் கச்சான் வீசும். மேற்கிலிருந்து வரும் இந்தச் சூட்டுக்காற்று நம்மிடம் வருமுன் என்ன செய்துகொண்டிருந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. கடலில் ஈரத்தை ஏற்றிக்கொண்டு மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. பிறகு வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 பாகை சூடேறுகிறது. ஆகவே சாய்ந்தமருதில் கொடியில் போட்ட சாரம் எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ, அவ்வளவுக்கு மலையில் மழை எனக் கொள்க. இதற்குச் ‘சாரக் கோட்பாடு’ என்று பெயரிட முன்மொழிகிறோம். பயணக்காரனோ காய்ந்த சாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்ல வெயில் மச்சான், போவோம்” என்கிறான்.

பாதையும் இந்த ஏமாற்றுக்கு உடந்தை. பொத்துவில், மொனராகலை, வெல்லவாய எல்லாம் புழுதி. இராவணா எல்ல நீர்வீழ்ச்சியில் வெயிலில் நின்று படம். பண்டாரவளையும் வெலிமடையும்கூடக் காய்ந்தே கிடக்கும். அம்மாதங்களில் ஊவாவும் மழை மறைவுப் பக்கம்தான். ஹக்கலையில், நகரத்துக்கு இன்னும் 10 கிலோமீட்டர் இருக்கையில், முகட்டின் மறுபக்கத்து மேகம் வீதியில் இறங்கி நிற்கிறது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். 1,000 மீட்டருக்கு ஆறரைப் பாகை வீதம் கழித்தால் கல்முனையைவிட 12 பாகை குறைவு. ஈரச் சட்டைக்கும் ஓடும் வேகத்துக்கும் தனியாகக் கழித்துக்கொள்க.

இனி நடத்தையியல். முதல் துளிக்கு எவரும் நிறுத்துவதில்லை. ஓட்டுபவன் “மழை” என்கிறான். அவன் முதுகை மறைவாக வைத்துக் காய்ந்திருப்பவன் “சும்மா துமிக்குது, போடா” என்கிறான். மழை பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நனையாதவனிடம் இருப்பது உலக வழக்கம். இங்கே மட்டும் மாறுமா? உடம்பு முழுதாக நனைந்த பிறகே ரெயின்கோட் வெளியே வரும். அப்போது அது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. சொப்பிங் பேக்குகளின் பங்கீட்டில் போனுக்கு முதலுரிமை, அடுத்து பர்ஸ், மிஞ்சினால் கால். ஹெல்மட்டின் புண்ணியத்தில் தலை மட்டும் காய்ந்திருக்கும். அதனால் சிந்தனை மேம்பட்டதற்குச் சான்றில்லை. கடைசியில் வீதியோர மரக்கறிக் கடையின் தகரக் கூரை, பிளேன்டீ, ‘யாருடா வரச் சொன்னது’ என்ற விசாரணை. அந்த நேரம் பார்த்து உம்மாவின் அழைப்பு வரும். “அங்க மழையா மகன்?” “இல்ல உம்மா, நல்ல வெயில்.” தகரத்தின் சாட்சியம் உம்மாவுக்கு நேரடியாகவே கேட்டுக்கொண்டிருக்கும்.

வருடக் கடைசி மழை இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளைச் சரித்துப் பல நூறு உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் பைக்கின் சாவியை வாப்பாவிடம் கொடுத்துவிடுவதே மரியாதை.

எஞ்சியிருப்பது நாட்காட்டிக் கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைந்தது என்பதால் பெருநாள்கள் பருவங்களைச் சுற்றி வருகின்றன. இலங்கையில் ஹஜ்ஜுப் பெருநாள் 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. இரண்டும் தென்மேல் பருவத்தின் வாய்க்குள். நுவரெலியாவில் மழை குறைந்த காலம் பெப்ரவரி, மார்ச். ஹஜ்ஜுப் பெருநாள் மார்ச் தொடக்கத்துக்கு வந்துசேர 2034 ஆகும். அவசரக்காரர்களுக்கு நோன்புப் பெருநாள் இருக்கிறது. 2027இல் அது மார்ச் 10ஐ ஒட்டி வரும், பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின்.

அதுவரை பொறுக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெலிமடையில் வெயில் கொளுத்தினாலும் அங்கேயே ரெயின்கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.