கூட வரும் அண்ணன்

ஒரு வீட்டில் பையன் கிட்டார் கேட்டுவிட்டான் என்றால், அந்தச் செய்தி தகப்பனாருக்கு எட்டும் முன்பே இவருக்கு எட்டிவிடும். சென்னையில் பேட்டைக்கு ஒருவர் இப்படி உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வாரநாட்களில் எங்கோ கணக்கு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் யாருக்காவது கிட்டார் வாங்கக் கூடப் போவார். கமிஷன் கிடையாது, ஒரு காபி போதும். தகப்பனாரின் பட்ஜெட்டை உயர்த்த வேண்டியிருந்தால் அந்தக் காபியையும் இவரே வாங்கிக் கொடுப்பார்.

தகப்பனார் மனத்தில் 3,000 ரூபாய் இருக்கும். பையன் மனத்தில், போனில் பார்த்த கறுப்புக் கிட்டார்: பை, பெல்ட், பிக், உபரிக் கம்பி எல்லாம் சேர்த்து ஒரே பார்சல். இதைக் கேட்டதும் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

"சார், காய் வாங்கினா கறிவேப்பிலை சும்மா வரும். கறிவேப்பிலைக்காக யாராச்சும் காய் வாங்குவாங்களா?"

பிறகு மெல்ல யமஹா பக்கம் வண்டியைத் திருப்புவார். எஃப் 280, எஃப் 310 என்று மாடல் எண்களை அவர் சொல்லும்போது குரலில் ஒரு பக்தி இருக்கும். ஜப்பான் கம்பெனி என்றதும் தகப்பனார் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பார். "பயப்படாதீங்க. 2019-லேர்ந்து நம்ம சென்னைப் பக்கமே ஃபாக்டரி வெச்சிருக்கான்."

"அப்ப ஃபாக்டரியிலேயே போய் வாங்கினா கொறைச்சுத் தருவானா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பனாரை அண்ணன் இன்னும் சந்திக்கவில்லை. அடுத்த கேள்வியும் அவருக்குத் தெரியும்: "வீணைக்கே ஏழு கம்பிதானே, ஆறு கம்பிக்கா இவ்வளவு?" இதற்கு அவர் மரத்திலிருந்து ஆரம்பிப்பார். முகப்புப் பலகை ஒரே மரமா, ஒட்டுப் பலகையா. ஒட்டுப் பலகை என்றால் சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் வரும், ஆனால் சென்னைப் புழுக்கத்தை அதுதான் தாங்கும், கற்றுக்கொள்கிற பையனுக்கு அதுவே நல்லது. அப்படியே ஈட்டி மரத்துக்குத் தாவுவார். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் பிரேசில் ஈட்டியை விட்டு நம் நாட்டு ஈட்டிக்கு மாறியதைச் சொல்லும்போது, அந்த மரத்தை இவரே மேற்குத் தொடர்ச்சி மலையில் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி இருக்கும். பார்க்க வந்த கிட்டாரின் முதுகிலும் பக்கங்களிலும் அந்த மரம் ஒரு விரற்கடை கூட இருக்காது என்பது வேறு விஷயம்.

கடைக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவார். கிட்டாரைத் தூக்கி, தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று நோட்டம் பார்ப்பார். ஃப்ரெட் ஓரங்களில் உள்ளங்கையை ஓட்டுவார். கீறினால் கீழே வைத்துவிடுவார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கி ஒரு முறை, அமுக்காமல் மேலே தொட்டு ஒரு முறை தட்டி, இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்கிறதா என்று காதைக் கொடுப்பார். பிரிட்ஜ் எங்காவது பலகையை விட்டு எழும்பியிருக்கிறதா என்று அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஏடிஎம் கார்டு சோதனை. பர்ஸிலிருந்து மூன்று கார்டுகளை எடுத்து அடுக்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் செருகுவார். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். மூன்றும் சேர்ந்தால் இரண்டேகால் மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. மூன்றும் உரசிக்கொண்டு நுழைந்தால் கம்பி சரியான உயரம். நாலாவதும் தாராளமாகப் போனால் பையன் விரல் புண்ணாகி, பத்து நாளில் கிட்டாரைப் பரணில் போட்டுவிடுவான். நாலாவது கார்டைத் தகப்பனாரிடம் கடன் வாங்குவதுதான் வழக்கம். அண்ணனின் மூன்றில் இரண்டு காலாவதியானவை.

கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த விஷயத்தில் மனிதர் சொல்வது முழுக்கச் சரி. புதிதாகக் கற்கிறவனுக்குப் பிராண்டை விடக் கம்பியின் உயரம்தான் முக்கியம். 500 ரூபாயோ 1,000 ரூபாயோ கொடுத்து, தெரிந்த ஆளிடம் கம்பியை இறக்கி, கழுத்தைச் சரிசெய்து, மெல்லிய 010 கம்பி மாட்டிக்கொண்டால் மலிவான கிட்டாரும் கை கொடுக்கும். எத்தனை கடைக்காரர்கள் இதை வாய் திறந்து சொல்கிறார்கள்?

கடைசியாக வாசித்துப் பார்க்கும் கட்டம். 'இளைய நிலா' பாட்டு உள்ள 'பயணங்கள் முடிவதில்லை' படம் 1982-இல் வந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எந்தக் கிட்டார் கடைக்குள் யார் போனாலும் 'இளைய நிலா'வின் தொடக்கத்தைத்தான் வாசித்துப் பார்க்கிறார்கள். அண்ணனும் அதையே எடுப்பார். கடைப் பையன்கள் ஸ்டாக் பார்க்க உள்ளே போய்விடுவார்கள். பல்லவி வருவதற்குள் விரல் நின்றுவிடும். "சவுண்ட் பார்த்தாச்சு" என்று கிட்டாரை வைத்துவிடுவார்.

வெகுளியான பையன் எவனாவது கேட்பான்: "அண்ணா, உங்களுக்கு முழுசா வாசிக்க வராதா?"

"தம்பி, 1954-ல ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது." இது உண்மை. இதை எந்தப் பையனாலும் மறுக்க முடிந்ததில்லை.

பக்கவாத்தியங்களில் அவர் கறார். ஆம்ப்ளிஃபயர், எஃபெக்ட் பெடல் என்று பையன் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்கிவிடுவார். கேப்போ பிறகு. டியூனருக்குப் போனில் இருக்கும் செயலியே போதும். ஆனால் காலையில் மிக்ஸி ஓடும் வீடானால் தலையில் கவ்வும் டியூனர், ஏனென்றால் அது சத்தத்தைக் கேட்காது, மரத்தின் அதிர்வைத்தான் பிடிக்கும். கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது, பசை இளகும். இதைத் தகப்பனாரிடம் மட்டும் இரண்டு முறை சொல்வார்.

இத்தனைக்கும் பிறகு தகப்பனார் விலையில் அசையவில்லை என்றால், அண்ணன் தன் உண்மையான ஆஸ்தியை வெளியே எடுப்பார். அது ஒரு பழைய டைரி. நகரத்தில் எந்தெந்த வீட்டில் கிட்டார் தூங்குகிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. மேற்கு மாம்பலம், பீரோ மேல், இரண்டு கம்பி இல்லை. வேளச்சேரி, பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, இடத்தை அடைக்கிறது என்று அம்மா புலம்புகிறார். குரோம்பேட்டை, எஃப் கார்டில் நின்றவர். இந்தக் கடைசி வகைதான் ஏராளம். ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பியையும் அமுக்கச் சொல்லும் அந்த இடத்தில் பாதிப் பேர் சந்நியாசம் வாங்கிக்கொள்கிறார்கள். "எஃப் கார்டு மட்டும் இல்லேன்னா செகண்ட் ஹாண்ட் மார்க்கெட்டே கிடையாது சார்" என்பார் அண்ணன், நன்றியோடு. நிச்சயதார்த்தம் நடந்த வீட்டில் அவர் விலை கேட்க மாட்டார். முகூர்த்தம் முடிந்து மறு மாதம் கேட்பார். பாதியாகியிருக்கும்.

பேரம் முடிந்து, பணம் கொடுத்து, பையன் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அண்ணன் அவன் தோளைத் தட்டுவார்.

"எந்த கிளாஸ் தம்பி?"

"ப்ளஸ் ஒன் அண்ணா."

டைரி மறுபடியும் வெளியே வரும். பையன் பெயர், தெரு, மாடல் எண், அதற்கு எதிரே 'அடுத்த ஜூன்'.

"என்ன எழுதறீங்க?" என்பார் தகப்பனார்.

"சும்மா, சீரியல் நம்பர் சார்."