லைசென்ஸும் பிரேக்கும்

சவூதியில் பெண்கள் கார் ஓட்ட மன்னரே அனுமதி கொடுத்துவிட்டார். இன்னும் எதற்குப் போராட்டம், கோஷமெல்லாம்?

கொடுத்தார், சரி. கேட்டவர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

1990 நவம்பர் 6 அன்று ரியாத் வீதிகளில் 47 பெண்கள் கார் ஓட்டினார்கள். பாஸ்போர்ட் பறிபோனது, அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இடைநீக்கம். தடை நீங்கியது 2018 ஜூன் 24இல். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், இதே உரிமைக்காகப் போராடிய லூஜெய்ன் அல்-ஹத்லூலைக் கைது செய்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் விட்டார்கள், அதுவும் பயணத் தடையோடு. ஊருக்கெல்லாம் லைசென்ஸ், போராடியவருக்கு மட்டும் பிரேக்!

போராடி வாங்கினால் உரிமை. மன்னர் தானாகக் கொடுத்தால் வரம். அரண்மனைகளுக்கு வரம் கொடுக்கத்தான் பிடிக்கும்.