ஓட்டும் வேட்டும்: பாட்டுப் போட்டி ஆதரவியல் பற்றிய ஆய்வு

ஆய்வுப் பொருள்: பையன் வீட்டில் சாதகம் செய்தபோதெல்லாம் ஜன்னலைச் சாத்திய தெரு, அவன் டிவி பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்ததும் “நம்ம தம்பி” என்று மார்தட்டுவது ஏன்?

ஆய்வுக் களம்: விருதுநகர், சிவகாசி வட்டாரம். ஓர் ஊர் தன் பாடகனை ஆதரிக்க அடிப்படையில் இரண்டு பொருள்கள் போதும்: ஒட்டுவதற்குப் போஸ்டர், கொளுத்துவதற்கு வெடி. இரண்டையும் நாட்டுக்கே சப்ளை செய்யும் ஊர் சிவகாசி. இந்தியப் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்துப் பயராபீஸ்களில் தயாராகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே டார்ஜிலிங்கில் ஒருவர் ஜெயித்தாலும் சிவகாசிக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் வரலாறு. சிவகாசியில் 1886-இல் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ், நாடக மேடையில் புராண வேடத்தில் நின்று தேசபக்திப் பாட்டுப் பாடியவர். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் துறந்தார். அவருடைய ரசிகர்களிடம் செல்போன் இல்லை. ‘ஒன்ஸ்மோர்’ மட்டுமே இருந்தது. எலிமினேஷன் சுற்றைப் போலீஸ் நடத்தியது.

ஓட்டுத் திரட்டும் கலைக்கும் உள்ளூர் மூலம் உண்டு. விருதுநகரில் வியாபாரிகள் சரக்கின் மேல் ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை ஒதுக்கிப் பொதுக்காரியத்துக்குக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யா சாலை அந்தப் பிடியரிசியிலும் வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு பிடி என்று வசூலிக்கத் தெரிந்த ஊருக்கு, வீட்டுக்குப் பத்து எஸ்.எம்.எஸ். என்று வசூலிக்கத் தனிப் பயிற்சி தேவைப்படாது. கணக்குப்பிள்ளை மட்டும் மாறுவார்.

இத்துறையின் பேராய்வுக்கூடம் 2007-இன் ‘இந்தியன் ஐடல்’. இறுதிச் சுற்றில் இருவர்: கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிளாக இருந்த டார்ஜிலிங்காரர் பிரசாந்த் தமாங், ஷில்லாங்கின் அமித் பால். மலைக்கு மலை போட்டி. மேகாலயா முதல்வர் டி.டி. லபாங், அமித் பாலை மாநிலத்தின் நல்லிணக்கத் தூதராகவே அறிவித்தார். செப்டம்பர் 23 அன்று தமாங் ஜெயித்தார். மொத்தம் விழுந்த ஓட்டு சுமார் ஏழு கோடி என்றன செய்திகள். தமாங்குக்கு ஓட்டுத் திரட்டுவதில் முன்நின்ற பிமல் குருங், அடுத்த மாதமே கூர்கா ஜன்முக்தி மோர்ச்சா என்ற கட்சியைத் தொடங்கினார். ரசிகர் மன்றம் கட்சியாவது தமிழ்நாட்டின் காப்புரிமை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி.

அடுத்து, தூர விதி. நியூட்டனின் ஈர்ப்பு விசை தூரம் கூடக்கூடக் குறையும். ஆதரவு விசையோ கூடும். சான்று ஒன்று: கனடாவிலிருந்து வந்து, 2015 பிப்ரவரியில் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியரில் இரண்டாமிடம் பெற்ற ஜெசிக்கா ஜூட்ஸ். பரிசான ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்ததில், ஓட்டுப் போடாதவர்களும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். சான்று இரண்டு: யாழ்ப்பாணம் அரியாலைச் சிறுமி கில்மிஷா. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை அவர் வென்றபோது, கடல் தாண்டிய தமிழர்கள் எல்லாரும் ஒரே நாளில் அரியாலைக்காரர்கள் ஆனார்கள்.

இனி அளவீடு. ஆதரவை அளக்கும் அலகு நெடுங்காலமாகச் சரவெடிதான்: ஆயிரம் வாலா என்றால் வாழ்த்து, பத்தாயிரம் வாலா என்றால் வெறி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்ததில் இந்த அலகு நிலைகுலைந்தது. ஒற்றை வெடிக்கும் வரம்பு உண்டு: நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ரிசல்ட் வந்ததும் போனில் கத்தும் சித்தப்பாவுக்கு இதுவரை வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை.

கருதுகோள் நிரூபணம்: எதிரெதிர்க் கட்சிகளுக்கும் அலுக்காமல் போஸ்டர் அடிக்கும் ஊருக்கு, இறுதிச் சுற்றில் நிற்கும் இருவருமே வாடிக்கையாளர்கள். ஓட்டு எங்கே விழுந்தாலும் வேட்டு சிவகாசியுடையது.

மேலாய்வுக்கு ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. நம்ம தம்பி ரன்னர்-அப் ஆகிவிட்டால், வாங்கி வைத்த வெடியை என்ன செய்வது? தீபாவளிக்கு எடுத்து வைக்கலாம் என்பது ஒரு தரப்பு. நடுவர்களைத் திட்டிக்கொண்டே இன்றைக்கே கொளுத்திவிடலாம் என்பது மறுதரப்பு. நமுத்துப்போகும் அபாயத்தைக் காட்டி வாதாடுவதால், இரண்டாம் தரப்புக்கே ஆதரவு அதிகம்.